ஊதிக் காட்டினால்தான் வேலை! சுரங்கத்தில் போதை சோதனை: நியாயம் யார் பக்கம்?

பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி.

அப்போதுதான் அந்த விபத்து நடந்தது.

இடம்: கனடா நாட்டில், ஆல்பர்ட்டா மாநிலத்தில் உள்ள ஒரு நிலக்கரி சுரங்கம். காலம்: 2005-ம் ஆண்டு அக்டோபர் மாதம். விபத்தில் சிக்கியது "லோடர்" என்ற ராட்சத எந்திரம். லாரிகளில் அள்ளிப் போடுவதற்கான எந்திரம் அது.

நல்ல வேளை, யாருக்கும் காயம் இல்லை. எல்லோரும் உயிர் தப்பினார்கள். ஆனால் லோடர் டிரைவரின் வேலை தப்பவில்லை!

விபத்து நடந்தால் டிரைவருக்கு போதை சோதனை செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. சோதித்தார்கள். உடம்பில் கோகேன் இருந்தது தெரிய வந்தது. அதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்தபோது, கோகேனுக்கு அடிமையாகி விட்டதாக நினைக்கிறேன் என்று அவர் சொன்னார். அவர் அதை எடுத்தது லீவு நாட்களில்.

ஒன்பதே நாள். சீட்டு கிழிந்தது!

மனித உரிமை தீர்ப்பாயம், அடுத்து கோர்ட்டு, அப்புறம் அப்பீல் கோர்ட்டு, கடைசியில் கனடா சுப்ரீம் கோர்ட்டு என்று வழக்கு நடந்தது. 2017-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி தீர்ப்பு வந்தது. விபத்து நடந்து ஏறக்குறைய 12 வருஷம்! அவரை டிஸ்மிஸ் செய்தது செல்லும் என்று 9 ஜட்ஜுகளில் 8 பேர் சொன்னார்கள். ஒருவர் மட்டும் "செல்லாது" என்றார்.

எங்கோ பனி கொட்டும் நாட்டில் நடந்த சங்கதிதான். ஆனாலும் இந்த வழக்கு எழுப்பிய கேள்வி கனடாவோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கா என்று சுரங்கம் உள்ள நாடுகளில் எல்லாம் இதே தகராறுதான்.

கேள்வி இதுதான்: தொழிலாளி வேலையில் நிதானமாக இருக்கிறாரா என்று பார்ப்பதா? அல்லது அவர் லீவு நாளில் வீட்டில் என்ன செய்தார் என்று துப்பறிவதா?

முன்னாடியே சொல்லியிருந்தால்...

அந்த நிலக்கரி கம்பெனியின் விதியில் ஒரு வாசல் திறந்தே இருந்தது. போதைப் பழக்கம் உள்ளவர், விபத்து நடப்பதற்கு முன்பே தானாக வந்து ஒப்புக்கொண்டால் சிகிச்சைக்கு உதவி உண்டு. வேலை போகாது. விபத்து நடந்த பிறகு சொன்னால் பயன் இல்லை. டிஸ்மிஸ்தான்!

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். தலைமை ஜட்ஜு பெவர்லி மெக்லாக்லின் தலைமையிலான பெரும்பான்மையினரும் ஏறக்குறைய அப்படித்தான் கருதினார்கள். போதைக்கு அடிமை என்பதற்காக அவரை நீக்கவில்லை, விதியை மீறியதற்காகவே நீக்கினார்கள், விதிப்படி முன்வந்து சொல்லும் சக்தி அவருக்கு இருந்தது என்று தீர்ப்பாயம் முடிவு செய்ததில் தவறு இல்லை என்றார்கள்.

மாறுபட்ட ஜட்ஜு கிளெமெண்ட் காஸ்கான். அடிமைத்தனம் ஒரு நோய், அவர் வேலையை இழந்ததில் அந்த நோய்க்கும் பங்கு இருக்கிறது என்பது அவருடைய கட்சி.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குடிகாரரைப் பார்த்து, "நீ குடிக்கு அடிமை" என்று சொல்லிப் பாருங்கள். "நானா? நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்" என்பார். நம் தெருவிலும் இப்படி நாலு பேர் உண்டு. தனக்கு நோய் இல்லை என்று சாதிப்பதே இந்த நோயின் குணம். அப்படிப்பட்டவர் தானாக வந்து ஒப்புக்கொள்வார் என்று காத்திருக்கும் விதி, எத்தனை பேரை காப்பாற்றும்?

சோதனை எதற்கு?

அதற்காக கம்பெனிகளை மட்டும் குறை சொல்லிவிட முடியாது.

ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணல் வெட்டும் திறந்தவெளி சுரங்கங்கள் இருக்கின்றன. அங்கே ஓடும் லாரி சாதாரண லாரி அல்ல. ஒரே நடையில் 350 டன்னுக்கு மேல் சுமக்கும். சக்கரம் மட்டுமே இரண்டு ஆள் உயரம். டிரைவர் மேல்மாடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருப்பார். பக்கத்தில் நிற்கும் ஜீப்பு அவர் கண்ணுக்கு தெரியாமல் போகலாம். அந்த டிரைவர் மப்பில் இருந்தால் என்ன ஆகும்?

பூமிக்கு அடியில் இருக்கும் சுரங்கம் இன்னும் மோசம். வெடி மருந்து, விஷ வாயு, கூரை சரிவு. ஒருவர் தள்ளாடினால் அவரோடு வேலை செய்கிற பத்துப் பேரின் உயிருக்கும் ஆபத்து. குடிக்காத தொழிலாளிக்கும் மனைவி, மக்கள் இருக்கிறார்கள். "பக்கத்தில் நிற்பவர் நிதானமாக இருக்கிறார் என்ற உத்தரவாதம் வேண்டும்" என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

ஆகவே சோதனை வேண்டுமா, வேண்டாமா என்பது அல்ல சண்டை. எந்த சோதனை? எப்போது? யாருக்கு? அதில் மாட்டியவரை என்ன செய்வது? இந்த நான்கு கேள்விகளில்தான் சண்டை.

மூச்சு, சிறுநீர், எச்சில்

சோதனைகளில் மூன்று வகை முக்கியம்.

முதலாவது, ஊதிக் காட்டுவது. நம் ஊரில் ராத்திரி நேரத்தில் போக்குவரத்து போலீசார் நீட்டும் அதே கருவி. இப்போது ரத்தத்தில் எவ்வளவு சாராயச் சத்து ஓடுகிறது என்பதை மூச்சைக் கொண்டு கணக்கிட்டு சொல்லும். நேற்று முன்தினம் குடித்ததை இது காட்டாது. இந்த நிமிடத்து நிலவரத்தை காட்டும். ஆகவே இதில் தகராறு குறைவு.

இரண்டாவது, சிறுநீர் சோதனை. இதில்தான் வம்பு. கஞ்சா புகைத்தால் போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் அதன் கழிவு உடம்பின் கொழுப்பில் தங்கி, சிறுநீரில் பல நாட்கள் வரை வெளியேறும். தினமும் புகைத்தவர் என்றால், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் தெரியும். சனிக்கிழமை ராத்திரி வீட்டில் புகைத்தவர், வியாழக்கிழமை காலையில் முழு நிதானத்தோடு வேலைக்கு வந்தாலும் மாட்டிக்கொள்வார். எப்போதோ எடுத்தார் என்பதைத்தான் அது சொல்லும். இப்போது போதையில் இருக்கிறார் என்று சொல்லாது.

இன்னொரு விபரீதமும் உண்டு. கோகேன் போன்றவை சிறுநீரில் இருந்து இரண்டு, மூன்று நாட்களில் மறைந்துவிடும். கஞ்சா மறையாது. மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கணக்குப் போடுபவர், கஞ்சாவை விட்டு அதைவிட கொடிய சரக்குக்கு தாவினால்? திருடனுக்கு பயந்து கிணற்றில் குதித்த கதைதான்.

மூன்றாவது, எச்சில் சோதனை. வாயில் ஒரு குச்சியை வைத்து எடுப்பார்கள். கடந்த சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள், அதற்குள் எடுத்ததைத்தான் இது பெரும்பாலும் காட்டும். ஆளை நிறுத்தி வைத்து சிறுநீர் பிடிக்கும் அவமானமும் இதில் இல்லை.

குடிக்காதவர் தொடுத்த வழக்கு

சந்தேகம் இருந்தால் சோதிக்கலாம். விபத்து நடந்தால் சோதிக்கலாம். ஒரு காரணமும் இல்லாமல், குலுக்கல் போட்டு, "நீ வா, ஊது" என்று கூப்பிடலாமா?

இதற்கும் கனடாவில் ஒரு பிரபலமான வழக்கு உண்டு. அது சுரங்க வழக்கு அல்ல. செயிண்ட் ஜான் நகரத்தில் உள்ள இர்விங் காகித ஆலை வழக்கு. ஆனால் சுரங்கங்களுக்கும் அதுதான் அளவுகோல் ஆனது.

2006-ல் அந்த ஆலை நிர்வாகம், ஆபத்தான வேலை செய்பவர்களை குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ஊதச் சொல்லும் விதியை கொண்டு வந்தது. முதலில் மாட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? 1979-ம் ஆண்டில் இருந்து ஒரு சொட்டு மதுவை தொடாதவர்! ஊதினார். கருவி பூஜ்யம் காட்டியது. "என்னைப் போய் ஊதச் சொல்வது அவமானம்" என்று யூனியன் மூலம் புகார் கொடுத்தார்.

அவருடைய புகாரும் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2013-ம் ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பு. 6 ஜட்ஜுகள் தொழிலாளர் பக்கம், 3 பேர் நிர்வாகத்தின் பக்கம். ஜட்ஜு ரோசலி அபெல்லா எழுதிய பெரும்பான்மை தீர்ப்பின் சாரம்: வேலை ஆபத்தானது என்பது மட்டும் போதாது. அங்கே குடிப் பிரச்சினை இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆலையில் 15 வருஷத்தில் மது சம்பந்தப்பட்ட சம்பவங்கள் வெறும் 8. குலுக்கல் சோதனை நடந்த 22 மாதத்தில் ஒருவர்கூட மாட்டவில்லை. ஆகவே அந்த விதி செல்லாது!

இதே அளவுகோல் சுரங்கத்தில் வேறு மாதிரி முடிந்தது. ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணல் வெட்டும் சன்கார் கம்பெனி, 2012-ல் குலுக்கல் சோதனை நடத்தப்போவதாக அறிவித்தது. யூனியன் தடை வாங்கியது. ஆனால் தங்கள் இடத்தில் மது, போதை சம்பந்தமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவங்கள் நடந்திருப்பதாக கம்பெனி கணக்கு காட்டியது. எட்டுக்கும் இரண்டாயிரத்துக்கும் வித்தியாசம் இல்லையா? வழக்கு மேலும் கீழுமாக 6 வருஷம் ஓடி, 2018 கடைசியில் சமரசம் ஆனது. சோதனைக்கு யூனியன் இணங்கியது.

அதாவது, ஆதாரம் இருந்தால் ஊதச் சொல். ஆதாரம் இல்லாமல் எல்லோரையும் குற்றவாளிபோல வரிசையில் நிறுத்தாதே. கனடா கண்ட நடுவழி இது.

கடையில் கஞ்சா, கையில் டிஸ்மிஸ்!

அந்த சமரசம் நடந்த அதே 2018-ல் கனடாவில் இன்னொரு மாற்றம். அக்டோபர் 17-ந் தேதி முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. பெரியவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கலாம்.

தென் ஆப்பிரிக்காவிலும் அதே வருஷம் செப்டம்பரில், வீட்டுக்குள் பெரியவர்கள் கஞ்சா பயன்படுத்துவது குற்றம் அல்ல என்று அந்த நாட்டு அரசியல் சட்ட கோர்ட்டு சொன்னது. அங்கே எந்திர கம்பெனி ஒன்றில் மேஜை வேலை பார்த்த ஒரு பெண் ஊழியர், சிறுநீர் சோதனையில் கஞ்சா தெரிந்ததால் வேலையை இழந்தார். அவர் எந்த எந்திரமும் ஓட்டுபவர் அல்ல. வேலை நேரத்தில் போதையில் இருந்ததாகவும் புகார் இல்லை. 2024 ஏப்ரலில் தொழிலாளர் அப்பீல் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பு சொல்லி, 24 மாத சம்பளத்தை நஷ்ட ஈடாக கொடுக்க உத்தரவிட்டது.

லோடர் ஓட்டுபவருக்கும் காகிதம் பார்ப்பவருக்கும் ஒரே விதி போட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆஸ்திரேலியாவில் யூனியன்கள் இந்த விஷயத்தில் உஷாராகிவிட்டன. "சிறுநீர் வேண்டாம், எச்சில் எடுத்துக்கொள்" என்பது அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. 2012-ல் ஒரு மின்சார கம்பெனி வழக்கில், எச்சில் சோதனைதான் சரி என்று அந்த நாட்டு தொழில் தீர்ப்பாயம் சொன்னது. வேலையில் நிதானமாக இருக்கிறாரா என்று பார்க்க முதலாளிக்கு உரிமை உண்டு, சொந்த வாழ்க்கையில் மூக்கை நுழைக்க உரிமை இல்லை என்பதே வாதத்தின் அடிப்படை. ஆனால் 2015-ல் போர்ட் கெம்ப்ளா நிலக்கரி துறைமுக வழக்கில், இரண்டு முறையையும் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பு மாறியது. ஆக, அங்கும் சண்டை முடிந்தபாடில்லை.

கருவியும் தவறும்

"மிஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்கலாம். சில சமயம் ஏமாறும்!

இதற்கு வெளிநாடு போக வேண்டியது இல்லை. நம் நாட்டில் ரெயில் என்ஜின் டிரைவர்கள் டியூட்டியில் ஏறும் முன் ஊதிக் காட்ட வேண்டும். 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் ரெயில்வே கோட்டத்தில், டியூட்டிக்கு முன் இளநீர், சில வகை வாழைப்பழம், இருமல் டானிக், ஹோமியோபதி மருந்து எதுவும் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கருவியில் தப்புக் கணக்கு வருகிறதாம்! எதிர்ப்பு கிளம்பியதும் உத்தரவு வாபஸ் ஆனது.

தென் ஆப்பிரிக்காவில் ஒரு குரோமியம் சுரங்கத்தில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. ஒரு தொழிலாளி ஊதினார். "குடித்திருக்கிறார்" என்றது கருவி. ரத்தத்தை எடுத்து சோதித்தால், "இல்லை" என்று வந்தது. ஆனாலும் வேலையில் இருந்து தூக்கிவிட்டார்கள். 2023-ல் தொழிலாளர் கோர்ட்டு, ரத்த சோதனையை ஒதுக்கிவிட்டு டிஸ்மிஸ் செய்தது தப்பு என்ற முடிவையே உறுதி செய்தது.

முதுகு வலியில் ஆரம்பித்த வினை

சுரங்கத் தொழிலாளி போதைக்குப் போவது எல்லாம் கொழுப்பெடுத்து அல்ல. குனிந்து நிமிர்ந்து முதுகு போகும். முட்டி போகும். வலி தாங்காமல் டாக்டரிடம் போனால் மாத்திரை.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் நிலக்கரிக்கு பேர் போனது. அங்கே கெர்மிட் என்று ஒரு சின்ன ஊர். ஜனத்தொகை சுமார் 400. அந்த ஊரில் இருந்த ஒரே ஒரு மருந்துக் கடைக்கு இரண்டு வருஷத்தில் வந்து இறங்கிய வலி மாத்திரைகள் ஏறக்குறைய 90 லட்சம்! அபின் வகையை சேர்ந்த மாத்திரைகள். அந்த மாநிலத்தில் இப்படிப்பட்ட மாத்திரைகளால் செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஒரு உள்ளூர் பத்திரிகை இதை அம்பலப்படுத்தி, 2017-ல் புலிட்சர் பரிசு வாங்கியது.

அதே மாநிலம்தான் 2012-ல் சுரங்கத் தொழிலாளர்களுக்கு கட்டாய போதை சோதனை சட்டம் போட்டது. மாட்டினால் லைசென்சு சஸ்பெண்டு. சட்டம் தேவைதான். ஆனால் மாத்திரையை மூட்டை மூட்டையாக கொட்டியவன் ஒருவன், சோதனையில் மாட்டுபவன் இன்னொருவன்!

தூக்கத்தை ஊதிப் பார்க்க முடியுமா?

கடைசியாக ஒரு விஷயம்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநில நிலக்கரி சுரங்க விதிகளில், தொழிலாளியின் தகுதியை கெடுப்பவை என்று மூன்றை சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். மது. போதைப் பொருள். மூன்றாவது? களைப்பு!

1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் கண் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயச் சத்து உள்ளவரின் நிதானத்துக்கு சமம் என்று கண்டார்கள். நம் நாட்டில் 0.03 சதவீதத்தை தாண்டி வண்டி ஓட்டினாலே கேஸ்!

அப்படியானால் 12 மணி நேர ஷிப்டு போடும் நிர்வாகத்தை யார் ஊதச் சொல்வது? அதிகாலையில் எழுந்து, பல மைல் பயணம் செய்து, 12 மணி நேரம் எந்திரம் ஓட்டுபவர், ஷிப்டு முடியும் நேரத்தில் ஒரு சொட்டு குடிக்காமலே தள்ளாடலாம். அவர் ஊதினால் கருவி பூஜ்யம்தான் காட்டும்.

என்ன செய்யலாம்?

இத்தனை வழக்குகளையும் அலசிப் பார்த்தால் நாலு விஷயம் தெளிவாகிறது.

ஒன்று: சோதனை, இப்போதைய நிதானத்தை அளக்க வேண்டும். போன வாரத்து சங்கதியை தோண்டக் கூடாது.

இரண்டு: ஒரு கருவியின் பேச்சை மட்டும் நம்பி வயிற்றில் அடிக்கக் கூடாது. இன்னொரு சோதனை கேட்கும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும்.

மூன்று: விதியை நிர்வாகம் தனியாக எழுதக் கூடாது. யூனியனும் உட்கார்ந்து எழுத வேண்டும். களைப்புக்கும் அதில் இடம் வேண்டும்.

நான்கு: "எனக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது" என்று சொல்பவருக்கு சிகிச்சை, திரும்பி வந்தால் வேலை என்ற நம்பிக்கை வேண்டும். சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கிறவரை யாரும் சொல்ல மாட்டார்கள். மறைத்துக்கொண்டே எந்திரத்தில் ஏறுவார்கள். அது அவருக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

அந்த லோடர் டிரைவர் விபத்துக்கு முன்னால் வாயைத் திறந்திருந்தால் வேலை தப்பியிருக்கும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. அவர் ஏன் திறக்கவில்லை என்ற கேள்விக்கு மட்டும் எந்தக் கருவியிலும் பதில் வராது. நாளைக்கு காலையில் ஷிப்டுக்கு வரும் இன்னொருவர், அதிகாரியிடம் பயமில்லாமல் போய் "சார், ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பிக்க முடிந்தால், அன்றைக்குத்தான் அந்த சுரங்கத்தின் விதி சரியான விதி.